தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்

மருத்துவமனை வார்டில் செவிலியராக இருக்கிறேன். "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள். மாலையில் போய்ப் பார்த்தால் பாட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். அதனால் இப்போதெல்லாம் சொல்வதோடு நிறுத்துவதில்லை. மேசையின் மறுகோடியில் இருக்கும் பாட்டிலை அவர்கள் புழங்கும் கைப்பக்கமாக நகர்த்தி, இறுக்கமான மூடியைச் சற்றுத் தளர்த்திவிட்டு வருகிறேன். பாட்டில் காலியாகிறது. வீட்டிலும் அலுவலகத்திலும் செய்ய வேண்டியது இதுதான்.

நல்ல பாட்டில் என்றால் ஒரு கையால் திறக்க முடிய வேண்டும். உள்ளே கைவிட்டுத் தேய்த்துக் கழுவ முடிய வேண்டும். வாய் குறுகிய பாட்டிலில் நாளடைவில் வாடை வரும், பிறகு யாரும் அதைத் தொட மாட்டார்கள். வழக்கமாகக் குடிக்கும் டம்ளர் எத்தனை மில்லி பிடிக்கிறது என்பதையும் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

எப்போது குடிப்பது? கைபேசி நினைவூட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. கைவேலையாக இருக்கும்போது அது ஒலித்தால் அணைத்துவிட்டு மறந்துவிடுவோம். அன்றாடம் தவறாமல் செய்யும் வேலைகளோடு தண்ணீரைச் சேர்த்துவிடுங்கள். காலையில் பல் துலக்கியதும் ஒரு டம்ளர். இரவெல்லாம் மூச்சிலும் வியர்வையிலும் போன நீரை அது ஈடுகட்டும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டோடும் ஒன்று. கழிப்பறைக்குப் போய்வந்து கை கழுவியதும் அரை டம்ளர். இந்தக் கடைசிப் பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது: போனதை உடனுக்குடன் நிரப்பிவிடுகிறோம், எண்ணிக்கை வைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அளவைப் பற்றிப் பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் சொன்ன அளவு, நாளொன்றுக்குப் பெண்களுக்கு 2 லிட்டர், ஆண்களுக்கு 2.5 லிட்டர். உணவில் இருக்கும் நீர், பால், தேநீர், காபி எல்லாம் அதற்குள் அடக்கம். வெயிலிலும் உடலுழைப்பிலும் தேவை கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர்ந்த மஞ்சளானால் இன்னும் கொஞ்சம் குடியுங்கள். பி வைட்டமின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அந்த மாத்திரையே நிறத்தை மாற்றிவிடும்.

முதியவர்களிடம் "தண்ணீர் வேண்டுமா?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வயதாக ஆகத் தாக உணர்வு மங்குவதால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். பாதி நிரப்பிய டம்ளரைக் கையிலேயே கொடுத்து, அவர்கள் குடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள். முழு டம்ளரைப் பார்த்தாலே சிலருக்கு மலைப்பாக இருக்கும். இரவில் எழுந்து நடக்கப் பயந்தே குடிப்பதைக் குறைப்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பகலில் அதிகமாகவும் மாலைக்குப் பின் குறைவாகவும் கொடுக்கலாம்.

விட்டதைப் பிடிக்கிறேன் என்று லிட்டர் கணக்கில் ஒரேயடியாகக் குடிப்பது ஆபத்து. இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் உள்ள பலருக்கு மருத்துவரே நீரின் அளவைக் கட்டுப்படுத்தியிருப்பார். அப்படியானால் அந்த அளவைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் ஊற்றி வையுங்கள். தேநீரோ பாலோ குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள்.