தொட்டால் கையைத் தூக்கு, தம்பி: கபடியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பென்னாகரம் பக்கம் சாயங்காலத்தில் பசங்களுக்குக் கபடி பழக்குகிறேன். திட்டாதே, தள்ளாதே என்பதெல்லாம் யாரும் சொல்லாமலே தெரியும். நான் செய்து, இப்போது இவர்களும் செய்கிற தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

பட்டது தெரிந்தும் கையைத் தூக்காமல் நிற்பது

இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது இதுதான். ஒரு பொங்கல் டோர்னமென்ட், ராத்திரி ஆட்டம், அரையிறுதி. ஒரு பாயிண்ட் நாங்கள் முன்னே. கடைசி ரைடுக்கு எங்கள் பக்கம் பாடிக்கொண்டு வந்தவன் கோட்டில் கையூன்றி எழுந்து, என் கணுக்காலைத் தடவிவிட்டு ஓடிவிட்டான். நடுவருக்கு மறைத்துவிட்டது. "தொடலை" என்றேன். வேர்த்த காலில் அவன் விரல் சுண்ணாம்பு மூன்று கோடாக ஒட்டியிருந்தது. மறுகாலால் தேய்த்து அழித்தேன். ஜெயித்தோம்.

ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்த டீம்தான் இறுதியாட்டத்தில் எதிரே. அவர்கள் ரைடர் என்னைத் தொடாமலே "தொட்டேன்" என்றான். தொண்டை கிழியக் கத்தினேன். நடுவர் நம்பவில்லை. என் டீம் ஆளே குனிந்து என் காலைப் பார்த்தான். அப்புறம் மூன்று வருஷம் அந்த ஊரிலிருந்து எங்களுக்கு நோட்டீஸே வரவில்லை.

"நடுவர் பாக்கலையேண்ணா" என்கிறான் ஒரு பையன். விரல் நுனி பட்டது தொட்டவனுக்கும் பட்டவனுக்கும்தான் தெரியும். அதனால் பயிற்சியில் நான் விசில் வைத்துக்கொள்வதில்லை. பட்டவன் தானே வெளியே போக வேண்டும். மறைத்தால் அன்றைக்கு ரைடு கிடையாது. ஓரத்தில் நின்று "கையைத் தூக்காதடா" என்று சொல்லிக்கொடுக்கும் பெரியவர்கள்மேல் எனக்கு இன்னும் கோபம்.

விதியைக் கேட்காமல் ஆடிவிட்டு, நடுவில் மல்லுக்கு நிற்பது

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் இந்தியாவும் ஈரானும் 28-28. யாரையும் தொடாமல் ரைடர் லாபிக்குள், அதாவது களத்தின் பக்கவாட்டு ஓரப்பட்டைக்குள் போக, பிடிக்க வந்தவர்களும் பின்னாலேயே போனார்கள். யார் யார் அவுட் என்ற தகராறில் ஆட்டம் வெகுநேரம் நின்றது. கடைசியில் 33-29 என்று இந்தியா ஜெயித்தது. அங்கேயே அப்படி என்றால், நம் ஊர் மண் தரையில் லாபிக்கு என்ன கணக்கு என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டுக்கொள். நடுவில் கேட்டால் கேப்டன் மட்டும் கேட்கட்டும்.

ரைடர் வாயைப் பொத்திப் பாட்டை நிறுத்துவது

அது ஃபவுல்.

விசிலுக்கு அப்புறமும் அழுத்துவது

பிடிபட்டவன் முட்டி போனால் அவன் வேலையும் போகும்.

தொடை தட்டுவது

ரைடுக்குப் போகும்போது தட்டு. கீழே கிடப்பவன் முகத்துக்கு நேரே தட்டாதே.