கம்பெனி கையெழுத்து, முதலாளி கையெழுத்து: எந்த ஊர் கோர்ட் என்று எழுதும் முறை

கடனுக்கு அனுப்பிய சரக்குக்குப் பணம் வரவில்லை. வாங்கிய பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் கணக்கிலும் எதுவும் இல்லை. "கம்பெனி வெறும் திரை, உண்மையான ஆள் இவர்தான்" என்று திரையை விலக்கி, முதலாளியை நம் ஊர் கோர்ட்டுக்கு இழுத்துவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். தயவுசெய்து அதை நம்பிச் சரக்கு ஏற்றாதீர்கள். செய்ய வேண்டியதை ஒப்பந்தம் போடும்போதே செய்துவிடுங்கள்.

படி 1: எந்தெந்த ஊர் கோர்ட்டுக்கு இயல்பாகவே அதிகாரம் உண்டு என்று பாருங்கள். சிவில் நடைமுறைச் சட்டம் 20-ஆம் பிரிவின்படி, பிரதிவாதி தொழில் நடத்தும் இடம், அல்லது வழக்குமூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வுகள்) முழுதாகவோ பகுதியாகவோ எழுந்த இடம். இதில் வராத ஊரை எழுதினால் செல்லாது. 1971-லேயே ஹாகம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

படி 2: அதில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, "கோயம்புத்தூர் நீதிமன்றங்கள் மட்டுமே விசாரிக்கும், மற்ற நீதிமன்றங்களின் அதிகாரம் விலக்கப்படுகிறது" என்று எழுதுங்கள். சேலம் நிறுவனம் ஒன்று தொடுத்த ஏபிசி லாமினார்ட் வழக்கில், ஒப்பந்தத்தில் "கைரா (குஜராத்தில் உள்ள ஊர்) அதிகார வரம்புக்கு உட்பட்டது" என்று மட்டும் இருந்ததால் சேலம் கோர்ட்டும் விசாரிக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம் (1989). 2013-இல் ஸ்வஸ்திக் கேஸஸ் வழக்கில், "மட்டுமே" இல்லாவிட்டாலும் நோக்கம் தெரிந்தால் போதும் என்றது. ஆனாலும் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டால் இந்த வாதத்துக்கே இடமில்லை.

படி 3: இதுதான் முக்கியம். டைரக்டர் கம்பெனி சீலுக்குக் கீழே போடும் கையெழுத்து கம்பெனியை மட்டுமே கட்டுப்படுத்தும். அந்த ஒப்பந்தத்தின் நீதிமன்ற ஷரத்தும் அவரைத் தனிப்பட்ட முறையில் கட்டாது. இங்கிலாந்தில் விடிபி கேப்பிட்டல் வங்கி இதைத்தான் முயன்றது: கடன் வாங்கிய கம்பெனிக்குப் பின்னால் இருந்ததாகச் சொல்லப்பட்டவரையும் ஒப்பந்தத் தரப்பாகக் கருதி, ஆங்கில நீதிமன்ற ஷரத்தை அவர்மேல் பாய்ச்சப் பார்த்தது. 2013-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஒப்பந்தத்தில் சேர அவரும் ஒப்பவில்லை, மற்ற தரப்புகளும் அவரைச் சேர்க்க எண்ணவில்லை. இந்திய நீதிமன்றங்களும் மோசடி, ஏய்ப்பு போன்ற அரிதான நேரங்களில்தான் திரையை விலக்குகின்றன.

ஆகவே முதலாளியிடம் தனியாக ஒரு ஜாமீன் பத்திரம் (கம்பெனி கட்டாவிட்டால் நான் கட்டுவேன் என்ற உறுதிப் பத்திரம்) வாங்குங்கள். அதில் அவர் சீல் இல்லாமல், சொந்தப் பெயரில், வீட்டு முகவரியோடு கையெழுத்திட வேண்டும். ஒப்பந்தச் சட்டம் 128-ஆம் பிரிவின்படி, பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கம்பெனியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் அவருக்கும் வரும். படி 2-இன் வாசகத்தை ஊர்ப்பெயர் மாறாமல் இதிலும் எழுதுங்கள். உரிய முத்திரைத்தாளில் போடுங்கள்.

இன்வாய்ஸின் அடியில் அச்சாகியிருக்கும் ஊர்ப்பெயரையும் பாருங்கள். ஒப்பந்தம் ஓர் ஊரும் இன்வாய்ஸ் வேறோர் ஊரும் சொன்னால், எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது அதைத்தான்.