வாதத்தை வலுப்படுத்தும் விடையைக் கண்டறிவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

குடிமைப் பணித் தேர்வுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து, கரோல் பாக்கிலும் ஓல்ட் ராஜிந்தர் நகரிலும் அறை எடுத்துப் படிப்பவர்களில் பலர், முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சீசாட்டின் கணக்குகளுக்குக் காட்டும் அக்கறையைத் தர்க்க வினாக்களுக்குக் காட்டுவதில்லை. 80 வினாக்களும் 200 மதிப்பெண்களும் கொண்ட அந்தத் தாளில் 33 விழுக்காடு எடுத்தால் போதும் என்பது உண்மைதான். ஆனால் ஒவ்வொரு தவறான விடைக்கும் அந்த வினாவுக்குரிய மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கு கழிக்கப்படுவதால், குத்துமதிப்பாக விடை குறிப்பது ஆபத்தானது. மேலாண்மைப் படிப்பில் சேர்வதற்கான ஜிமேட் தேர்வை எழுதுவோருக்கு இவ்வகை வினா இன்னும் முக்கியமானது.

‘கீழ்க்கண்டவற்றுள் எது இந்த வாதத்தை வலுப்படுத்துகிறது?’ என்று கேட்கப்பட்டால், தெரிவுகளை உடனே படிக்கக் கூடாது. முதலில் வாதத்தின் முடிவு எது, அதற்குக் காட்டப்படும் ஆதாரம் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ‘ஆகவே’, ‘எனவே’ போன்ற சொற்களுக்குப் பின்னாலும், ஆங்கிலத் தாளில் ‘தேர்ஃபோர்’, ‘ஹென்ஸ்’ ஆகியவற்றுக்குப் பின்னாலும் பெரும்பாலும் முடிவு வரும். அச்சொற்கள் இல்லாத பத்தியில், ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து ‘இதை ஏன் நம்ப வேண்டும்?’ என்று கேளுங்கள். அதற்குப் பத்தியே விடை சொன்னால், அந்த வாக்கியம்தான் முடிவு.

பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு வாதத்தை எடுத்துக்கொள்வோம்.

‘ஓல்ட் ராஜிந்தர் நகரில் உள்ள ஒரு தமிழ் மெஸ், ஜூன் மாதத் தொடக்கத்தில் மதியச் சாப்பாட்டின் விலையை 80 ரூபாயிலிருந்து 100 ரூபாயாக உயர்த்தியது. அந்த மாதம் சாப்பிட வந்தோரின் எண்ணிக்கை கால்வாசி குறைந்தது. ஆகவே, கூட்டம் குறைந்ததற்கு விலை உயர்வே காரணம்.’

அ) காய்கறியும் எண்ணெயும் விலையேறியதால்தான் மெஸ் விலையை உயர்த்தியது.
ஆ) முதல்நிலைத் தேர்வை முடித்த மாணவர் பலர் ஜூன் மாதத்தில் ஊருக்குச் சென்றுவிட்டனர்.
இ) அதே மாணவர்களை நம்பி அதே தெருவில் நடக்கும், விலையை உயர்த்தாத இன்னொரு மெஸ்ஸில் அந்த மாதம் கூட்டம் குறையவில்லை.
ஈ) மெஸ்ஸின் பதிவேட்டின்படி, ஜூன் மாதத்தின் எல்லா வாரங்களிலும் கூட்டம் மே மாதத்தைவிடக் குறைவாகவே இருந்தது.

அடுத்த படி, ஆதாரத்துக்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் காண்பது. இந்த வினாக்களில் உண்மையான வேலை இது ஒன்றுதான் என்பேன். விலை ஏறியது, கூட்டம் குறைந்தது என்ற இரண்டும் நடந்திருக்கின்றன. ஆனால் ஒன்றால்தான் மற்றொன்று நடந்தது என்பதை வாதம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. வேறு காரணம் எதுவும் இல்லை என்று காட்டும் செய்தியே நமக்குத் தேவை என்பதை, தெரிவுகளைப் பார்க்கும் முன்பே ஒரு வரியாகத் தமிழிலேயே ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இப்போது தெரிவுகளுக்கு வருவோம். அவை ஒவ்வொன்றும் உண்மை என்றே கொள்ள வேண்டும், ‘இப்படி நடக்குமா?’ என்று சந்தேகிப்பது நம் வேலையன்று. ‘அ’ விலை ஏன் ஏறியது என்று விளக்குகிறதே தவிர, கூட்டம் ஏன் குறைந்தது என்பதைத் தொடவில்லை. ‘ஆ’ மாற்றுக் காரணம் ஒன்றைக் கொண்டுவந்து வாதத்தைப் பலவீனப்படுத்துகிறது. பலர் ஏமாறுவது ‘ஈ’யில்தான், பதிவேடு, வாரக் கணக்கு என்று அது திடமாகத் தோன்றினாலும், கூட்டம் குறைந்தது என்ற ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செய்தியைத்தான் திரும்பச் சொல்கிறது, இடைவெளி அப்படியே இருக்கிறது. ‘இ’ சரியான விடை. மாணவர்கள் ஊருக்குப் போனதுதான் காரணமென்றால் பக்கத்து மெஸ்ஸிலும் கூட்டம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை என்பதால், விலை உயர்வே காரணம் என்ற நம்பிக்கை கூடுகிறது.

‘இ’யும் முடிவை முழுமையாக நிரூபிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். முதல் மெஸ்ஸில் சமையல்காரர் மாறியிருக்கலாம். வலுப்படுத்துவது என்றால் முடிவை முன்பைவிடச் சற்று அதிகமாக நம்பச் செய்வது மட்டுமே; முழு நிரூபணத்தை எதிர்பார்ப்பவர் நல்ல விடையையும் அடித்துவிடுவார்.

திட்டங்களைப் பற்றிய வாதங்களில் இடைவெளி வேறு இடத்தில் இருக்கும். 2016 ஜனவரி 1 முதல் 15 வரை தில்லியில் நடைமுறைப்படுத்தப்பட்ட ஒற்றை-இரட்டை எண் திட்டத்தை (ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றைப்படைப் பதிவெண் கார்கள், இரட்டைப்படைத் தேதியில் இரட்டைப்படைப் பதிவெண் கார்கள் மட்டும் ஓடலாம் என்பது) நினைத்துப் பாருங்கள். ‘கார்கள் சாலைக்கு வருவது குறையும், ஆகவே வாகனப் புகை குறையும்’ என்ற வாதத்தில், காரை விட்டவர் எதில் பயணம் செய்வார் என்ற கேள்வி ஒளிந்திருக்கிறது. இருசக்கர வாகனங்களுக்கு அப்போது விலக்கு இருந்தது. எனவே ‘காரை விட்டவர்களில் பெரும்பாலோர் ஸ்கூட்டருக்கு மாறாமல் மெட்ரோவுக்கு மாறினர்’ என்ற தெரிவு வாதத்துக்குப் பலம் சேர்க்கும். ‘திட்டத்தைப் பலரும் வரவேற்றனர்’ என்பது சேர்க்காது; வரவேற்பு புகையைக் குறைப்பதில்லை.

கருத்துக்கணிப்பு வாதங்களில், கேட்கப்பட்டவர்கள் மொத்த மக்களையும் ஒத்தவர்களா என்று பார்த்தால் பெரும்பாலும் போதும்.

‘தவிர’ என்று முடியும் வினாவில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ஜிமேட்டில் ஐந்து தெரிவுகளில் நான்கு வலுப்படுத்தும், ஒன்று வலுப்படுத்தாது. அந்த ஒன்று வாதத்தை எதிர்க்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தொடர்பே இல்லாத செய்தியாகவும் இருக்கலாம். ஆகவே எதிர்ப்பதைத் தேடி அலையாமல், ஒவ்வொரு தெரிவுக்கும் ‘வலு உண்டு’ அல்லது ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே போய், ‘இல்லை’ என்று நிற்பதை விடையாகக் குறிக்கலாம்.