‘ஒன்ஸ் இன் எ புளூ மூன்’: எப்போது சொல்லலாம், எங்கே சறுக்கும்?

இந்த ஆங்கில மரபுத்தொடரின் பொருள் எளிது: மிக மிக அரிதாக. தமிழில் ‘அத்தி பூத்தாற்போல’. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. பலர் தடுக்கி விழுவது முதல் படியில்தான்.

படி 1: சொல்ல வரும் வாக்கியம் ‘எத்தனை நாளைக்கு ஒருமுறை?’ என்ற கேள்விக்குப் பதிலா என்று பாருங்கள். ‘சித்தப்பா எப்போதாவதுதான் வருவார்’ என்பது பதில். எனவே ‘ஹீ விசிட்ஸ் அஸ் ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ சரி. ‘அத்தி பூத்தாற்போல இன்றைக்கு வந்திருக்கிறார்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்வோம். அது ஒரே ஒரு வருகை. அதை அப்படியே ‘ஹீ ஹாஸ் கம் டுடே ஒன்ஸ் இன் எ புளூ மூன்’ என்று மாற்றினால் ஒட்டாது. இரண்டாக உடையுங்கள்: ‘ஹீ ஹார்ட்லி எவர் கம்ஸ். பட் ஹீ இஸ் ஹியர் டுடே.’

படி 2: வழக்கத்தைச் சொல்வதால் சாதாரண நிகழ்காலம் போதும். ‘வீ ஈட் அவுட் ஒன்ஸ் இன் எ புளூ மூன்.’ ‘வீ ஆர் ஈட்டிங்’ என்று நம்மூர்ப் பழக்கத்தில் ‘இங்’ சேர்க்க வேண்டாம்.

படி 3: பெரும்பாலும் வாக்கியக் கடைசியில் வையுங்கள். ‘ரேர்லி’ வினைக்கு முன்னால் வரும். அந்த நினைப்பில் இதையும் நடுவே செருகினால் வாக்கியம் நொண்டும்.

படி 4: ‘டோன்ட்’, ‘நெவர்’ சேர்க்காதீர்கள். அரிது என்ற பொருள் தொடருக்குள்ளேயே இருக்கிறது. ‘எ’யை ‘தி’ ஆக்கவும் வேண்டாம்.

அலுவலகக் கடிதத்தில் ‘ரேர்லி’ போதும். இது பேச்சுவழக்குத் தொடர். சந்தேகம் வந்தால் ஆங்கிலம்–தமிழ் அகராதியைவிட ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் அகராதியே மேல். மாதிரி வாக்கியம் இல்லாத அகராதி மரபுத்தொடருக்கு உதவாது.

பின்சேர்க்கை: ‘அப்படியானால் நிலா நீலமாகுமா?’ இல்லை. பௌர்ணமிகளுக்கு இடையே சுமார் 29.5 நாள். அதனால் சில மாதங்களில் இரண்டு வரும்; 2023 ஆகஸ்டில் வந்தது. அந்த இரண்டாவதுக்குத்தான் இப்போது புளூ மூன் என்று பெயர். அமெரிக்க வானியல் இதழ் ஒன்று 1946இல் பழைய பஞ்சாங்கக் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டதில் பிறந்த விளக்கம் அது. மரபுத்தொடரோ 19ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது. ஆகவே, ஒரே மாதத்தில் இரண்டு பௌர்ணமி வருவது சுமார் இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை என்று கணக்குப் போட்டு மொழிபெயர்க்காதீர்கள்.