வேலின் முனை எங்கே? ஐகான், கர்சர் கோப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. ஒரு வருடம் அதற்குச் சில வாரங்கள் முன்பு, குவாத்ர் போர்னில் நாங்கள் நடத்தும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக ஓர் எழுத்துப் பயிற்சி நிரலைச் செய்துகொண்டிருந்தேன். எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது பெரும்பாலும் கிரெயோல்தான். அதனால் திரையில் ஓர் எழுத்தைச் சொடுக்கினால் அதன் ஒலி கேட்கும்படி அமைத்தேன். வழக்கமான அம்புக்குறிக்குப் பதிலாக முருகனின் வேலே கர்சராக வந்தால் அவர்களுக்குப் பிடிக்கும் என்று தோன்றியது. வேலும் அழகாகவே வந்தது. ஆனால் வேல் முனையை 'ப' மேல் வைத்துச் சொடுக்கிய பிள்ளைக்கு 'ந' கேட்டது.

கணினி கோளாறு செய்யவில்லை. தவறு நான் கட்டளை வரியில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் இடத்தில்) உருவாக்கிய கர்சர் கோப்பில் இருந்தது. அதைத் தேடிப் போனபோதுதான் இந்தக் கோப்புகளை நான் எவ்வளவு தவறாகப் புரிந்துவைத்திருந்தேன் என்று தெரிந்தது. ஐகான் கோப்பை ஒரு படம் என்று நினைத்திருந்தேன். அது அஞ்சறைப்பெட்டி மாதிரி. உள்ளே பல அறைகள், ஒவ்வொன்றிலும் ஓர் அளவுப் படம், ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. கோப்பின் முதல் 6 பைட்டில் இது ஐகானா கர்சரா, உள்ளே எத்தனை படம் என்ற தகவல் இருக்கும். அதன்பின் படம் ஒன்றுக்கு 16 பைட் குறிப்பு. இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் தவறுகளில் பெரும்பாலானவை ஏன் நடக்கின்றன என்று தானே விளங்கும்.

எல்லோரும் செய்யும் முதல் தவறு பெயர் மாற்றம். பிஎன்ஜி வகைப் படக்கோப்பின் பெயரில் கடைசி மூன்று எழுத்தை, ஐகானுக்குரிய ஐசிஓ என்று மாற்றிவிட்டு ஐகான் தயார் என்று நினைப்பது. பல உலாவிகள் பெயரைப் பார்க்காமல் உள்ளே இருப்பதைப் பார்ப்பதால் அது வேலை செய்வதுபோலத் தெரியும். விண்டோஸில் குறுக்குவழிக்கு அதையே போட்டால் ஏற்காது. லினக்ஸில் 'ஃபைல்' என்ற கட்டளையைக் கோப்பின் பெயரோடு கொடுங்கள். உள்ளே இருப்பது பிஎன்ஜி என்றால் அது அப்படியே சொல்லிவிடும்.

அடுத்தது பெட்டியில் ஒரே ஓர் அறையை மட்டும் நிரப்புவது. விண்டோஸ் செயலிக்கான ஐகானில் குறைந்தது 16, 32, 48, 256 பிக்சல் அளவுகள் இருக்க வேண்டும். இணையதளத் தாவலில் தெரியும் சின்னத்துக்கு 16, 32, 48 போதும். 32 மட்டும் வைத்தால், பெரிதாகக் காட்ட வேண்டிய இடத்தில் கணினி அதை இழுத்துப் பெரிதாக்கும், ஓரமெல்லாம் பிசிறடிக்கும். கையில் 32 பிக்சல் படம் மட்டும் இருக்கிறது, அதை 256 ஆக்கி உள்ளே வைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இல்லாத விவரத்தை எந்தக் கருவியாலும் கொண்டுவர முடியாது. மூலப்படத்தை எஸ்விஜியாக (எந்த அளவுக்கும் பிசிறில்லாமல் விரியும் கோட்டு வடிவம்) வைத்துக்கொண்டு, ஆர்எஸ்விஜி-கன்வர்ட் அல்லது இங்க்ஸ்கேப் நிரலைக் கொண்டு ஒவ்வோர் அளவையும் தனித்தனியாக எடுப்பதே சரி.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தமிழ் எழுத்தை ஐகானாக்க விரும்புகிறவர்கள் அடிபடுவது இந்த இடத்தில்தான். படங்களை மாற்றித் தரும் இமேஜ்மேஜிக் கருவியில் ஒரே பெரிய படத்தைக் கொடுத்து, ஐகான் ஆட்டோ-ரீசைஸ் என்ற விருப்பத்தில் அளவுகளைக் காற்புள்ளியிட்டு எழுதினால் எல்லா அளவையும் அதுவே சுருக்கிப் பெட்டியில் அடுக்கிவிடும். வசதிதான், 48 பிக்சலுக்குச் சுருக்கும் வரை பெரும்பாலும் நன்றாகவே வரும். 16க்கு 16 என்றால் மொத்தமே 256 புள்ளிகள். 'ட', 'ப' நேர்கோட்டு எழுத்துகள், அதற்குள் கம்பீரமாக நிற்கும். 'இ', 'ஐ', 'ஔ' சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கரும்புள்ளியாகிவிடும். வேலில் நான் வரைந்திருந்த திருநீற்றுப் பட்டையும் குங்குமமும் சுருங்கியபோது சாம்பல் அழுக்கு மாதிரி ஆகிவிட்டன. ஆகவே 16 பிக்சல் படத்தைச் சுருக்கி எடுக்காமல் தனியாக வரையுங்கள். பட்டையை விட்டுவிடுங்கள், கோட்டைத் தடிப்பாக்குங்கள், ஓரங்களைப் பிக்சல் கட்டத்தோடு பொருத்துங்கள். அரை மணி நேர வேலைதான். பயனர் அதிகம் பார்ப்பதும் அந்தச் சின்ன அளவைத்தான். அப்புறம் ஐகான், கர்சர் கோப்புகளைக் கட்டும் ஐகோடூல் கருவியில் உருவாக்கும் விருப்பத்தைக் கொடுத்து, எல்லாப் பிஎன்ஜி கோப்புகளையும் வரிசையாகச் சேர்த்தால் போதும்.

256 அளவை மட்டும் அதே கருவியின் 'ரா' விருப்பத்தோடு பிஎன்ஜியாகவே உள்ளே வையுங்கள். சாதாரணமாக வைத்தால் அது ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் அப்படியே எழுதும் பிட்மேப் ஆகி, அந்த ஒரு படமே 2,60,000 பைட்டைத் தாண்டும். விண்டோஸ் விஸ்டா முதல் பிஎன்ஜி உள்ள ஐகான்கள் செல்லும். எக்ஸ்பி அவற்றைப் படிக்காது. அதனால் சிறிய அளவுகளைப் பழைய முறையிலேயே விடுவது நல்லது.

பின்னணி வெள்ளையாகிப்போனது என்ற புலம்பலுக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மூலப்படம் ஜேபெக். அந்த வடிவத்தில் ஒளிபுகும் தன்மையே கிடையாது. வெள்ளையை நீக்குகிறேன் என்று நிறம் வைத்து அழித்தால் உருவைச் சுற்றி ஒரு வெளிர் வளையம் மிஞ்சும், கருப்புத் திரையில் அது பளிச்சென்று தெரியும். இரண்டாவது காரணம் இமேஜ்மேஜிக்கில் விருப்பங்களின் வரிசை. எஸ்விஜியைப் படிக்கும்போது பின்னணி வேண்டாம் என்பதை உள்ளீட்டுக் கோப்பின் பெயருக்கு முன்னால் சொல்ல வேண்டும். பின்னால் சொன்னால் படம் ஏற்கெனவே வெள்ளைத் தாளில் வரையப்பட்டிருக்கும்.

விண்டோஸில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பழைய பாடங்களில் 'கன்வர்ட்' என்று தொடங்கும் கட்டளையை அப்படியே ஒட்டாதீர்கள். விண்டோஸுக்கே அந்தப் பெயரில் வேறொரு கட்டளை உண்டு. ஃபேட் என்ற பழைய முறையில் கோப்புகளைச் சேமிக்கும் வட்டை என்டிஎஃப்எஸ் என்ற முறைக்கு மாற்றுவது அதன் வேலை. படத்தோடு அதற்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. இமேஜ்மேஜிக் 7இல் 'மேஜிக்' என்று தொடங்குங்கள்.

சரி, வேலுக்கு வருவோம். கர்சரில் சொடுக்கு விழுகிற ஒரு புள்ளி உண்டு. அதை ஹாட்ஸ்பாட் என்பார்கள். படம் எப்படி இருந்தாலும் கணினிக்கு அந்த ஒரு பிக்சல்தான் கர்சர். எண்ணிக்கை இடது மேல் மூலையில் 0, 0 என்று தொடங்கும். நான் எதுவும் குறிப்பிடாததால் அது மூலையிலேயே நின்றுவிட்டது. வழக்கமான அம்புக்குறிக்கு மூலைதான் முனை, அதனால் அங்கே இந்தத் தவறு தெரியாது. என் வேல் நிமிர்ந்து நின்றது, முனை மேலே நடுவில், 16ஆம் பிக்சலில் இருந்தது. ஆகவே பிள்ளைகள் சொடுக்கியதெல்லாம் 16 பிக்சல் இடதுபக்கம் தள்ளி விழுந்தது. அந்தப் பிள்ளை சரியாகத்தான் சொடுக்கியிருந்தாள். அவளிடம் "நல்லாப் பாரும்மா" என்று நான் சொன்னது இன்னும் உறுத்துகிறது. ஐகோடூலில் கர்சர் விருப்பத்தோடு ஹாட்ஸ்பாட்-எக்ஸ் 16, ஹாட்ஸ்பாட்-ஒய் 0 என்று கொடுத்ததும் சரியானது.

இதைவிட மோசமானது, ஐகான் கோப்பில் வகையைச் சொல்லும் எண்ணை மட்டும் 1இலிருந்து 2 ஆக மாற்றிக் கர்சராக்கும் குறுக்குவழி. குறிப்பில் ஐகானுக்கு நிறத்தளங்களின் எண்ணிக்கையும் பிட் ஆழமும் (ஒரு பிக்சலின் நிறத்துக்கு எத்தனை பிட் என்பது) எழுதப்படும் அதே இடத்தில்தான் கர்சருக்கு ஹாட்ஸ்பாட் எழுதப்படுகிறது. 1 தளம், 32 பிட் என்றிருந்த ஐகான் கர்சராகும்போது அவை 1, 32 என்ற புள்ளியாகிவிடும். 32 பிக்சல் படத்தின் கடைசி வரி 31. சொடுக்கு படத்துக்கே வெளியே விழும்!

பல அளவுகள் வைத்தால் ஹாட்ஸ்பாட்டும் அளவோடு சேர்ந்து மாற வேண்டும். 32இல் 16 என்றால் 48இல் 24, 64இல் 32. லினக்ஸ் கர்சருக்கு எக்ஸ்கர்சர்ஜென் கருவி கேட்கும் உரைக்கோப்பில் ஒவ்வொரு வரியிலும் அளவு, எக்ஸ், ஒய், படத்தின் பெயர் என்று எழுதுவோம். முதல் வரியை நகலெடுத்து அளவை மட்டும் மாற்றிவிட்டுப் போவது மிகச் சாதாரணமாக நடக்கும். அசையும் கர்சருக்கு அதே வரியின் முடிவில் நேரமும் வரும், அது மில்லி வினாடியில். விண்டோஸின் அசையும் கர்சர் ஒரு வினாடியை 60 பங்காக்கி எண்ணுகிறது. அங்கே 6 என்று இருப்பது இங்கே 100. அப்படியே 6 என்று எழுதினால் கர்சர் வெறிபிடித்ததுபோல் துடிக்கும்.

அந்த உரைக்கோப்பில் வரும் படப் பெயரில் இடைவெளி இருந்தால் பெயர் பாதியில் அறுந்துவிடும். இங்கே எங்களுக்கு இன்னொரு தொல்லை. பாதிக் கோப்புகளுக்குப் பிரெஞ்சில் தொப்பி வைத்த எழுத்துகளோடும், மீதிக்குத் தமிழிலும் பெயர் வைக்கிறோம். 'கொடி' என்று பெயரிட்ட கோப்பைப் பாருங்கள். 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கட்டளை வரிக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள். பழைய மேக் கணினிகள் பெயர்களைத் தாமாகவே பிரித்துச் சேமித்தன. அங்கிருந்து வந்த கோப்பை லினக்ஸில் தேடினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரும், கண்ணெதிரே இருக்கும்போதே. தமிழில் பெயர் வைப்பதில் எனக்குப் பெருமைதான். ஆனாலும் ஐகான் கோப்புகளுக்கு மட்டும் இப்போது எளிய ஆங்கில எழுத்தும் எண்ணும்தான்.

இன்னொருவரின் நிரலிலிருந்து ஐகானைப் பிரித்தெடுக்க ரெஸ்ட்டூல் உதவும். நிரலுக்குள் இருக்கும் ஐகான், கர்சர் முதலியவற்றுக்கு விண்டோஸ் வகை எண்கள் கொடுத்திருக்கிறது. ரெஸ்ட்டூலிடம் 3ஆம் வகையைக் கேட்டால் அறைகளில் இருந்த படங்கள் உதிரியாக வரும், 14ஐக் கேட்டால் முழுப் பெட்டியும் வரும். கர்சருக்கு 12. பிறர் வரைந்ததைக் கற்றுக்கொள்ளப் பாருங்கள், அனுமதி இல்லாமல் உங்கள் நிரலில் போடாதீர்கள்.

வேலை முடிந்ததும் ஐகோடூலின் பட்டியல் விருப்பத்தை ஓடவிட்டு, அளவுகளும் ஹாட்ஸ்பாட்டும் நீங்கள் நினைத்தபடி இருக்கின்றனவா என்று பாருங்கள். அதில் சரியாக இருந்தும் திரையில் பழைய சின்னமே தெரிந்தால் கோப்பைத் திருத்தப் போகாதீர்கள். விண்டோஸும் உலாவிகளும் பழைய ஐகானைச் சேமித்து வைத்திருக்கும். வேறு பெயரில் சேமித்துத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும்.

லினக்ஸ் கர்சர் தொகுப்பை வேறு கணினிக்குக் கொண்டுபோகும்போது யூஎஸ்பி குச்சியில் அப்படியே நகலெடுக்க வேண்டாம். ஒரே கர்சருக்கு நிரல்கள் பல பெயர்கள் வைத்திருப்பதால் தொகுப்புக்குள் குறியீட்டு இணைப்புகள் (வேறொரு கோப்பைச் சுட்டும் வெறும் பெயர்கள்) நிறைய இருக்கும், ஃபேட் வடிவக் குச்சியில் அவை தங்காது. பல கோப்புகளை ஒரே பொதியாக்கும் தார் கோப்பாகக் கட்டிக் கொண்டுபோங்கள். நாங்கள் அப்படிக் கட்டியதைத்தான் காவடிக்கு முந்தைய ஞாயிறன்று வகுப்பின் மற்றக் கணினிகளில் அவிழ்த்தோம். அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு முதலில் அவளையே சொடுக்கச் சொன்னேன். 'ப' என்று கேட்டது.