ரெட்வுட் காட்டுச் சாலையில் ஒரு நாள்: போன் மேப்பை நம்பாமல் ஓட்டுவது எப்படி?

வட கலிஃபோர்னியாவில் 'அவென்யூ ஆஃப் தி ஜயண்ட்ஸ்' என்று ஒரு சாலை. எண் 254, நீளம் 31 மைல் சொச்சம், இருபக்கமும் ரெட்வுட் என்ற வானுயர்ந்த மரங்கள். முதல் தடவை போனபோது அதில் பாதியை நான் பார்க்கவே இல்லை. இரண்டாம் தடவைதான் ஒழுங்காகப் போனேன்.

முதலில் தங்குமிடம். சான் ஃபிரான்சிஸ்கோவில் காலையில் கிளம்பி இரவே திரும்பலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு வழிக்கே நாலு மணி நேரம். முந்தின இரவு தெற்கே கார்பர்வில்லிலோ வடக்கே ஃபோர்ச்சூனாவிலோ தங்கி, பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மேப். நான் கோட்டை விட்டது இதில்தான். இந்தச் சாலை 101 நெடுஞ்சாலையின் பழைய தடம். புதிய 101 பக்கத்திலேயே ஓடுகிறது, இரண்டும் அடிக்கடி குறுக்கிடும். தெற்கு முனையான பிலிப்ஸ்வில்லையும் வடக்கே பெப்பர்வுட்டையும் மட்டும் கொடுத்தால், சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில் மேப் உங்களை 101இல் ஏற்றிவிடும். அப்படித்தான் நான் ஜன்னல் வழியாகத் தூரத்து மரங்களைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று மறுமுனையில் போய் நின்றேன்.

இதற்கு வழி: பிலிப்ஸ்வில், மிராண்டா, மையர்ஸ் ஃப்ளாட், ஹம்போல்ட் ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவின் பார்வையாளர் மையம், வீயாட், ஃபவுண்டர்ஸ் குரோவ் என்ற மரத்தோப்பு, பெப்பர்வுட் என்று ஒவ்வொன்றையும் நிறுத்தமாகப் போடுங்கள். காட்டுக்குள் சிக்னல் பல இடங்களில் இருக்காது, அதனால் விடுதி வைஃபையிலேயே மேப்பை இறக்கிவிடுங்கள். அதன் பிறகும் அது 101க்குக் கூப்பிட்டால் வாயை அடைத்துவிட்டு 254 பலகையைப் பார்த்து ஓட்டுங்கள். என்னைக் கேட்டால் தாள் வரைபடம்தான் சிறந்தது.

ஓட்டும்போது பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். நிழலும் வெயிலும் மாறி மாறி அடிப்பதில் எதிரே வரும் கார் சட்டென்று கண்ணில் படாது. சில மரங்கள் தார் விளிம்பிலேயே நிற்கின்றன. பின்னால் அவசரக்காரர் யாராவது வந்தால் ஓரம் கட்டி வழி விடுங்கள், உங்களுக்கு என்ன அவசரம்?

அப்புறம், இறங்கி நடங்கள். காருக்குள் இருந்தால் மரத்தின் இடுப்புதான் தெரியும். ஃபவுண்டர்ஸ் குரோவில் அரை மைல் நடைபாதை இருக்கிறது. 1991 மார்ச்சில் சாய்ந்த டையர்வில் ஜயண்ட் என்ற ரெட்வுட் மரம் அங்கேதான் கிடக்கிறது, நின்றபோது 360 அடிக்கு மேல். அதன் வேர்ப்பக்கத்தில் நின்று பாருங்கள். இவ்வளவு பெரிய மரத்துக்கு ஆணிவேரே கிடையாது! மேலாகப் பரவி, பக்கத்து மரங்களின் வேர்களோடு பின்னிக்கொண்டுதான் நிற்கிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள் என்று பலகை வைப்பது இதற்காகத்தான், மிதித்து மிதித்து மண் இறுகினால் வேருக்குக் கேடு.

ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் நான் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு மட்டோல் சாலையில் மேற்கே திரும்பி ராக்கஃபெல்லர் காட்டுக்குத்தான் போவேன். வெட்டுப்படாத பழைய கடலோர ரெட்வுட் காடுகளில் மிஞ்சியிருப்பவற்றுள் இதுதான் மிகப் பெரியது. சாலை குறுகல், கூட்டம் குறைவு. போட்டோவில் முழு மரமும் அடங்காது, முயன்று கழுத்து வலிதான் மிச்சம். அடியில் ஓர் ஆளை நிறுத்தி எடுங்கள், போதும்.

பிற்சேர்க்கை: பின்னூட்டத்தில் இரண்டு பேர் அடிமரத்தில் இருக்கும் துளை வழியாகக் கார் ஓட்டுவது எங்கே என்று கேட்டிருந்தார்கள். அது பூங்காவில் இல்லை, தனியார் இடங்களில் கட்டணம் கட்டிப் போக வேண்டும். மையர்ஸ் ஃப்ளாட்டில் ஒன்று, தெற்கே லெகட்டில் ஒன்று. லெகட் மரத்தின் துளை அகலம் 6 அடி, உயரம் 6 அடி 9 அங்குலம். மினிவேன்காரர்கள் வரிசையில் நுழைவதற்கு முன்பே அளந்துகொள்ளுங்கள். மற்றவர்கள் பக்கக் கண்ணாடியை மடக்க மறக்காதீர்கள், நான் மறந்தேன்.

இன்னொன்று: உலகிலேயே உயரமான மரமான ஹைப்பீரியன் இங்கே இல்லை. அது வடக்கே வேறொரு பூங்காவில் இருக்கிறது, பக்கத்தில் போகத் தடை, போனால் அபராதம்.