பழைய கார்புரேட்டர் காருக்குக் குளிர்ந்த காற்று

எம்.ஜி.பி. போன்ற பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் கார்புரேட்டரும் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சூடான புகையை வெளியேற்றும் குழாய்கள்) எஞ்சினின் ஒரே பக்கத்தில்தான் இருக்கும். ஏர் ஃபில்டர் இழுப்பது பானெட்டுக்குள் கொதிக்கும் காற்றை. காற்று சூடாக இருந்தால் அடர்த்தி குறையும். ஏறத்தாழ 3 டிகிரி செல்சியஸுக்கு 1 சதவீதம். 30 டிகிரி வித்தியாசம் என்றால் எஞ்சினுக்கு எவ்வளவு இழப்பு, பாருங்கள்!

முதலில் ஹீட் ஷீல்டைப் பாருங்கள். கார்புரேட்டருக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே இருக்கும் அந்தத் தகட்டைப் பலர் கழற்றிப் போட்டுவிடுகிறார்கள். அது கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் சிறு தொட்டியான ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோலே கொதித்து, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும்.

அப்புறம், ரேடியேட்டருக்குப் பக்கத்தில், அதன் சூடு படாத இடத்திலிருந்து, வளையும் குழாய் ஒன்றை ஃபில்டர் அருகே கொண்டுவாருங்கள். குழாயை கார்புரேட்டர் வாயில் நேராக இறுக்கிப் பொருத்த வேண்டாம். வேகத்தில் காற்றழுத்தம் ஏறும். ஃப்ளோட் சேம்பருக்கு அதே அழுத்தம் கிடைக்காவிட்டால் பெட்ரோல் கலவை குழம்பிவிடும். குழாயின் முனை ஃபில்டருக்குச் சற்று முன்னால் நின்றாலே போதும். குழாய் மின்விசிறியிலோ த்ராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) கம்பியிலோ உரசக்கூடாது.

குளிர்ந்த காற்று வந்தால் கலவை கொஞ்சம் லீனாகும், அதாவது காற்றோடு ஒப்பிட்டால் பெட்ரோல் குறையும். ஓட்டிப் பார்த்து, ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைக் கவனித்து ட்யூன் செய்யுங்கள். ஈரமும் குளிருமான நாட்களில் மட்டும் குழாயைக் கழற்றிவிடுங்கள், கார்புரேட்டருக்குள் பனி உறையலாம்.